கிட்டி, அண்ணாந்தாள், கூரையில் ஒரு கத்தி: 1855 சென்னைச் சித்திரவதை ஆணையம்

நம் நாளிதழ்களின் குற்றச்செய்திகளில் இரண்டு தொடர்கள் தேய்ந்தே போய்விட்டன. ஒன்று, "போலீசார் தங்கள் பாணியில் விசாரித்ததில் உண்மையை ஒப்புக்கொண்டார்". இன்னொன்று, "கிடுக்கிப்பிடி விசாரணை". கிடுக்கி என்பது கவ்விப் பிடிக்கும் கருவி. எழுதுகிறவரும் வாசிக்கிறவரும் அதை உருவகமாகத்தான் எடுத்துக்கொள்கிறோம். 170 ஆண்டுகளுக்கு முன் சென்னை மாகாணத்தில் அது உருவகம் அல்ல. ஒரு முனையில் சேர்த்துக் கட்டிய இரண்டு குச்சிகளாக, கிட்டி என்ற பெயரோடு, கச்சேரி என்ற தாசில்தார் அலுவலகத்தின் சேவகர்களின் கையில் இருந்தது.

அது அரசாங்கக் காகிதத்தில் ஏறிய கதை சென்னை வணிகர் ஒருவரிடம் தொடங்குகிறது. 1852இல் சென்னைச் சுதேசிச் சங்கத்தை நிறுவிய காசுலு லட்சுமிநரசு செட்டி, வரிச்சுமையையும் நீதிமன்றத் தாமதத்தையும் அடுக்கி பிரிட்டிஷ் நாடாளுமன்றத்துக்கு மனு அனுப்பினார். அடுத்த ஆண்டு டேன்பி சீமோர் என்ற எம்.பி. சென்னைக்கு வந்தபோது, அவரை மாவட்டங்களுக்கு அழைத்துச் சென்று குடியானவர்களின் நிலையை நேரில் காட்டினார். 1854 ஜூலையில், சென்னை மாகாணத்தில் வரிக்காகக் குடியானவர்களை வதைப்பது பற்றி லண்டன் மக்களவையில் விவாதம் எழுந்தது. அப்போது நாட்டை ஆண்ட கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆதரவாளர்கள் அடித்து மறுத்தார்கள். மறுத்த வேகத்திலேயே விசாரணைக்கு ஒப்புக்கொள்ளவும் வேண்டியதாயிற்று. செப்டம்பரில் சென்னை அரசு மூவர் ஆணையத்தை அமைத்தது: சென்னை நகரின் தலைமை மாஜிஸ்திரேட் எலியட், சிவில் அதிகாரி ஸ்டோக்ஸ், பாரிஸ்டர் ஜான் புரூஸ் நார்ட்டன். 1855 ஏப்ரல் 16 அன்று அறிக்கை கையெழுத்தானது.

ஆணையத்துக்கு வந்த புகார்கள் 1,959. அவற்றில் 519 பேர் நேரில் வந்து சொன்னார்கள், 1,440 கடிதம் மூலம் வந்தன. ரயில் இல்லாத காலம், தொலைவு மாவட்டங்களிலிருந்து சென்னைக்கு நாள்கணக்கில் நடை. போன காரியம் தாசில்தாருக்குத் தெரிந்தால் திரும்பி வந்து குடியிருக்க வேண்டியதும் அதே தாசில்தாரின் எல்லையில்தான். இந்த நிலையில் 519 என்ற எண்ணை மாகாணத்தின் மக்கள்தொகையோடு ஒப்பிட்டுச் சிறிது என்று தள்ளுவது கணக்குத் தெரியாத வேலை.

மூவரும் நீதிமன்றமாக அமரவில்லை. ஒவ்வொரு புகாரையும் தனித்தனியே நிரூபிக்க நேரமும் இல்லை, அதிகாரமும் இல்லை. இந்த அறிக்கையின் சாட்சிய பலம் வேறிடத்தில் இருக்கிறது. ஒருவரையொருவர் அறியாத குடியானவர்கள், வேறு வேறு மொழி பேசும் மாவட்டங்களிலிருந்து, ஒரே முறைகளை ஒரே விதமாக விவரித்தார்கள். தமிழில் ஒரு பெயர், தெலுங்கில் வேறு பெயர், செய்வது ஒன்றே. மாவட்டங்களில் பணியாற்றிய வெள்ளைக்காரர்களின் கடிதங்களும் அதையே சொல்லின.

பரவலானவை இரண்டு. கிட்டி, குச்சிகளின் இடையில் விரல்களை வைத்து இறுக்குவது. ஐரோப்பியக் கட்டைவிரல் திருகாணிக்கு நிகரானது என்று அறிக்கையே ஒப்பிடுகிறது. இன்னொன்றை ஆங்கிலத்தில் 'அனுந்தால்' என்று எழுதினார்கள், நம் அண்ணாந்தாள்தான். ஆளைக் குனியவைத்து, அவருடைய துணியாலோ கயிற்றாலோ கழுத்தையும் கால்விரல்களையும் பிணைத்துவிடுவது. பிறகு வெயிலில் நிறுத்துவது, சாப்பிடவும் இயற்கை உபாதைக்கும் விடாதது, முழங்காலுக்குப் பின்னால் செங்கல் துண்டு வைத்து உட்காரச் சொல்வது, இரண்டு பேரின் குடுமியைச் சேர்த்துக் கட்டுவது, கழுத்தில் எலும்பு மாலை போடுவது. ஆடுமாடுகளை மேய்ச்சலுக்கு விடாமல் அடைத்து வைப்பதும், சேவகனை வீட்டுவாசலில் உட்காரவைத்து அவனுடைய அன்றாடக் கூலியைப் பாக்கிக்காரர் தலையிலேயே கட்டுவதும் இதே பட்டியலில் வருகின்றன. குற்ற விசாரணையில் மிளகாய்ப்பொடியும் மரத்தில் கட்டித் தொங்கவிடுவதும் சேர்ந்தன.

இந்தப் பட்டியலைப் பலர் கொடூரத்தின் அளவுகோலாகப் படிக்கிறார்கள். அதில் பார்க்க வேண்டியது வேறு. பெரும்பாலானவற்றுக்குத் தனிக் கருவி வேண்டாம். கயிறு, துணி, வெயில், செங்கல் எல்லாம் எந்த ஊரிலும் கிடைப்பவை. பலவற்றில் தழும்பும் இராது. ஒரு பகல் முழுவதும் வெயிலில் குனிந்து நின்றவர் மறுநாள் மாஜிஸ்திரேட்டின் முன் காட்டுவதற்கு உடம்பில் எதுவும் மிஞ்சாது. குடுமியும் எலும்பு மாலையும் வலிக்காக அல்ல, ஊர் பார்ப்பதற்காக.

சேவகனுக்கு இவ்வளவு துணிச்சல் எங்கிருந்து வந்தது? 1816ஆம் ஆண்டின் 9ஆம் ஒழுங்குமுறை, ஜில்லா நீதிபதியிடம் இருந்த மாஜிஸ்திரேட் பதவியைக் கலெக்டரிடம் மாற்றியது. 11ஆம் ஒழுங்குமுறை, ஊர்த் தலைவர்களையும் தாசில்தாரையும் கொண்டு காவல் அமைப்பைக் கட்டியது. வரி வசூலிக்கும் தாசில்தாரே போலீஸ் தலைவர். வரிபாக்கிக்கு ஆளைக் கூட்டிவரும் டவாலிச் சேவகனே திருட்டுக்கும் ஆளைக் கூட்டிவருவான். இருவருக்கும் மேலே இருக்கும் கலெக்டர்தான் மாஜிஸ்திரேட். சேவகனின் சம்பளம் அற்பம். உழவரிடம் அரசே நேராக நிலவரி வாங்கும் ரயத்துவாரி முறையில், ஜமாபந்தி என்ற ஆண்டு வரிக்கணக்கு முடிந்து கிஸ்து என்ற வரித் தவணை விழும் நாளுக்கும் விளைந்ததை விற்றுக் காசு பார்க்கும் நாளுக்கும் பொருத்தம் இருக்காது. சொத்தை ஜப்தி செய்து ஏலம் விட சட்டத்தில் வழி இருந்தது, ஆனால் அதற்கு நோட்டீஸ் வேண்டும், நாள் வேண்டும், எழுத்து வேலை வேண்டும். கிட்டிக்கு அரை மணி போதும். தாசில்தாரின் திறமையைக் கிஸ்து கட்டிய வேகத்தில் அளக்கும் நிர்வாகம், எந்த வழி தேறும் என்பதைச் சொல்லாமலே சொல்லிவிடுகிறது.

இங்கே ஆணையம் இரண்டு வேறான காரியங்களை ஒரே மூட்டையில் கட்டிவிட்டது. வரிக்காக வதைப்பது ஒன்று, வாக்குமூலத்துக்காக வதைப்பது இன்னொன்று. இரண்டிலும் அதே சேவகன், அதே கயிறு. ஆனால் வேலை செய்யும் விதம் ஒன்றல்ல.

வரி விஷயத்தில் எப்போது நிறுத்துவது என்பது தெளிவு. பணம் வந்தால் நிற்கும். பணம் பொய் சொல்லாது. ஆனால் வந்த பணம், அவர் அதை ஒளித்துவைத்திருந்தார் என்பதற்குச் சாட்சி ஆகாது. மனைவியின் தாலியை அடகு வைத்திருப்பார், உழவு மாட்டை விற்றிருப்பார், வட்டிக்காரரிடம் கடன் பட்டிருப்பார். தாசில்தாரின் கணக்கில் மூன்றும் ஒன்றுதான்: "இருந்துகொண்டே இல்லை என்றான், தட்டினதும் வந்தது." முறை பலித்ததாகவே ஒவ்வொரு தடவையும் தோன்றும். அடுத்த கிஸ்துக்கு மாடில்லாமல் நிலம் தரிசாகக் கிடப்பது அந்தக் கணக்கில் ஏறாது.

வாக்குமூலத்தில் நிறுத்தக் குறி எதுவும் வெளியே இல்லை. அடிக்கிறவரின் சந்தேகமே குறி. அவர் மனத்தில் ஏற்கெனவே இருக்கும் கதையைச் சொன்னால் வலி நிற்கும். கேள்வியிலேயே பதில் இருக்கும். "நீயும் மாரியும் சேர்ந்துதானே போனீர்கள்?" என்று கேட்டால், மாரி என்றொருவர் இருப்பதையே அப்போதுதான் தெரிந்துகொண்டவரும் மாரியோடு போனதாகச் சொல்வார். குற்றவாளி சொன்னாலும் நிரபராதி சொன்னாலும் வாக்குமூலத்தின் வடிவம் ஒன்றே. தூக்கம் இல்லாமல், பசியோடு, பயத்தோடு இருப்பவருக்கு உண்மையான நினைவும் குழம்பிப்போகும். நாளையும் நேரத்தையும் இடத்தையும் அவரே சொல்ல விரும்பினாலும் சரியாகச் சொல்ல முடியாது. பின்னால் விசாரணை அதிகாரி முரண்பாடுகளைக் கண்டு "மறைக்கிறான்" என்று முடிவுகட்ட, இன்னொரு சுற்று தொடங்கும். மாரி பிடிபட்டு அவரும் அதே கதையைச் சொன்னால் இரண்டு சாட்சியம் ஆயிற்று என்று நினைப்பார்கள். உண்மையில் அது ஒரே அதிகாரியின் ஊகம், இரண்டு வாயிலிருந்து.

இரண்டுக்கும் நடுவில் மூன்றாவது ஒன்று உண்டு: திருட்டுப் பொருளை எடுத்துக்கொடுக்கச் சொல்லி வதைப்பது. இதில் பொருள் கையில் வந்துவிடும் என்பதால் உண்மை தானே நிரூபணமானதாகத் தோன்றும். ஆனால் பிடித்துவரப்பட்டவனின் வீட்டார் புகாரில் சொன்ன நகைக்கு ஒத்த நகையை எங்கேயாவது வாங்கிக் கொண்டுவந்து நீட்டினாலும் கச்சேரிக்குச் சந்தோஷம்தான். இந்த மூன்றாவது வகையைப் பற்றி மறுபடியும் பேச வேண்டியிருக்கும், ஏனென்றால் சட்டம் கடைசியில் வாசலைத் திறந்துவிட்டது இதற்குத்தான்.

சித்திரவதை இருக்கிறது என்ற முடிவை விடவும் தங்களை அதிகம் வருத்தியது, பாதிக்கப்பட்டவர் பரிகாரம் பெறுவதில் உள்ள கஷ்டம்தான் என்று ஆணையத்தினர் எழுதினார்கள். அறிக்கையின் மிகச் சிறந்த பகுதி இது. ஒரு மனு போகும் வழியை மட்டும் பாருங்கள். அடித்தது தாசில்தாரின் சேவகன். புகார் வாங்க வேண்டியது தாசில்தார். அவரைத் தாண்டிக் கலெக்டருக்கு எழுதினால், கலெக்டர் ஆயிரக்கணக்கான சதுர மைல் மாவட்டத்தில் எங்கோ முகாமில் இருப்பார். மனு கச்சேரி குமாஸ்தாவின் கைக்குப் போகும். அவர் அதைச் சுருக்கிச் சொல்வார். கலெக்டர் ஓரத்தில் ஒரு வரி எழுதுவார்: விசாரித்து அறிக்கை தருக. காகிதம் திரும்பி வருவது தாசில்தாரிடம். இப்போது புகார் கொடுத்தவர் யார் என்பது தாசில்தாருக்குக் கையெழுத்தோடு தெரியும். நீதிமன்றம் போகலாம்தான். அதற்கு நடை, செலவு, வேலை கெட்ட நாள்கள், கூட வந்து சாட்சி சொல்லத் துணியும் பக்கத்து நிலத்துக்காரர் எல்லாம் வேண்டும். அவருக்கும் கிஸ்து பாக்கி இருக்கும்.

இவ்வளவு துல்லியமாகக் கண்டவர்கள், பழியை யார் தலையில் வைப்பது என்று வரும்போது தடம் மாறிவிடுகிறார்கள். மக்களின் கூக்குரல் முழுவதும் சுதேசி அதிகாரிகளின் கொடுமையிலிருந்து காக்கச் சொல்லித்தான், ஐரோப்பிய அதிகாரிகளின் அலட்சியத்தைப் பற்றியதல்ல என்று எழுதினார்கள். காரணம் நாட்டவரின் குணம், பழைய ஆட்சிகளிலிருந்து வந்த பழக்கம் என்றானது. மனு ஓரத்தில் ஒரு வரி எழுதித் திருப்பி அனுப்பியது யாருடைய குணம் என்ற கேள்வி அறிக்கைக்குள்ளேயே கிடக்கிறது, எழுதியவர்கள் அதை எடுக்கவில்லை. 1857இல் சிப்பாய்களின் கொடுமைகளை லண்டன் பத்திரிகைகள் பக்கம் பக்கமாக எழுதிக்கொண்டிருந்தபோது, கார்ல் மார்க்ஸ் நியூயார்க் டெய்லி டிரிப்யூனில் இதே அறிக்கையை எடுத்துவைத்து அந்தக் கேள்வியைக் கேட்டார்.

அறிக்கையின் விளைவுகள் தாளில் பெரியவை. 1859இன் 24ஆம் சட்டம் சென்னை மாகாணப் போலீஸை வருவாய்த் துறையிலிருந்து பிரித்துத் தனித் துறையாக்கியது. 1861இல் இந்தியப் போலீஸ் சட்டம் வந்தது. வரிபாக்கி வசூலுக்கு 1864இல் தனிச் சட்டம் வந்தது, அது இன்றும் தமிழ்நாட்டில் நடைமுறையில் இருக்கிறது. கலெக்டரிடமிருந்து நீதி அதிகாரம் பிரிவதற்கு மட்டும் அடுத்த நூற்றாண்டு வர வேண்டியிருந்தது. 1860இன் தண்டனைச் சட்டத்தில் 330ஆம் பிரிவு, வாக்குமூலத்துக்காகக் காயப்படுத்தினால் 7 ஆண்டு வரை சிறை என்றது. கொடுங்காயத்துக்கு 331ஆம் பிரிவு, 10 ஆண்டு. இன்று இரண்டும் புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 120ஆம் பிரிவில் இருக்கின்றன. 330ஆம் பிரிவுக்குக் கொடுத்த எடுத்துக்காட்டுகளைப் படித்தால் கச்சேரி கண்முன் வரும்: குற்றத்தை ஒப்புக்கொள்ள வதைக்கும் போலீஸ் அதிகாரி, திருட்டுப் பொருள் இருக்கும் இடத்தைக் காட்ட வதைக்கும் போலீஸ் அதிகாரி, பாக்கிக்காக வதைக்கும் வருவாய் அதிகாரி, குத்தகைக்காக வதைக்கும் ஜமீன்தார்.

தண்டிப்பதைவிட முக்கியமான மாற்றம் சாட்சியச் சட்டத்தில் நடந்தது. அடித்து வாங்கியதால் பயன் இல்லை என்றாக்கிவிட்டால் அடிக்கக் காரணம் இருக்காது என்பது கணக்கு. 1861இன் குற்றவியல் நடைமுறைச் சட்டமும் பிறகு 1872இன் சாட்சியச் சட்டமும், போலீஸ் அதிகாரியிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலத்தைக் குற்றம் சாட்டப்பட்டவருக்கு எதிராக நிரூபிக்கவே கூடாது என்றன. சொந்த நாட்டுப் போலீஸுக்கு இங்கிலாந்து போடாத தடை இது. சாட்சியச் சட்டத்தை வரைந்த ஜேம்ஸ் ஃபிட்ஸ்ஜேம்ஸ் ஸ்டீஃபன், அனுபவசாலியான ஓர் அதிகாரி தம்மிடம் சொன்னதைப் பின்னாளில் பதிவு செய்தார்: வெயிலில் அலைந்து சாட்சியம் தேடுவதைவிட, நிழலில் உட்கார்ந்து ஒரு பாவப்பட்டவன் கண்ணில் மிளகாய்ப்பொடி தேய்ப்பது சுகமான வேலை. வதையின் காரணத்தை வக்கிரத்தில் தேடாமல் சோம்பலில் தேடிய வாக்கியம் என்பதால் மதிப்புள்ளது.

பூட்டிய கதவில் அதே சாட்சியச் சட்டத்தின் 27ஆம் பிரிவு ஒரு திட்டிவாசல். போலீஸ் காவலில் இருப்பவர் சொன்ன தகவலால் ஏதாவது ஓர் உண்மை கண்டுபிடிக்கப்பட்டால், அந்தத் தகவலில் கண்டுபிடிப்போடு நேராகத் தொடர்புள்ள பகுதி செல்லும். பொருள் கிடைத்ததால் சொன்னது உண்மை என்ற தர்க்கம். இது 1783ஆம் ஆண்டு இங்கிலாந்து வழக்கொன்றிலிருந்து வருகிறது. தண்டனைச் சட்டம் குற்றமாக எடுத்துக்காட்டிய அதே காரியத்தின், அதாவது பொருளைக் காட்டச் சொல்லி வதைப்பதன் விளைச்சலைச் சாட்சியச் சட்டம் களத்திலேயே வாங்கிக்கொள்கிறது.

அந்த வாசலின் அகலத்தை அளந்தது சென்னை மாகாணத்தின் குண்டூரிலிருந்து, லண்டனில் இருந்த அன்றைய கடைசி மேல்முறையீட்டு மன்றமான பிரிவி கவுன்சிலுக்குப் போன புலுகுரி கோட்டய்யா வழக்கு, 1946. கொடுத்த உதாரணம் எளிது. "என் வீட்டுக் கூரையில் ஒளித்துவைத்த கத்தியை எடுத்துத் தருகிறேன்" என்று ஒருவர் சொல்கிறார். இதனால் கத்தி 'கண்டுபிடிக்கப்பட்டது' ஆகாது, கத்தி என்ற பொருளை மனிதன் எப்போதோ கண்டுபிடித்தாயிற்று. கண்டுபிடிக்கப்பட்டது, கூரையில் ஒரு கத்தி இருப்பது அவருக்குத் தெரியும் என்பது. "இந்தக் கத்தியால்தான் இன்னாரைக் குத்தினேன்" என்று சேர்த்துச் சொல்லியிருந்தால் அந்தத் துண்டு செல்லாது. ஒரு பொருளைச் சேர்த்துவிட்டாலே முழு வாக்குமூலமும் செல்லும் என்று வைத்தால், போலீஸின் 'வற்புறுத்தும் திறமை' அதற்கும் ஈடுகொடுக்கும் என்று பிரிவி கவுன்சில் கிண்டல் தொனிக்கவே சொன்னது. 2024 ஜூலை 1 முதல் இந்த 27, புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாட்சிய அதினியத்தின் 23ஆம் பிரிவுக்கு விதிவிலக்காகச் சுருங்கி உட்கார்ந்திருக்கிறது. சொற்கள் சற்று இடம் மாறியிருக்கின்றன, வாசல் அங்கேயேதான்.

ஆகவே இன்று ஒரு வழக்குக் கோப்பில் சித்திரவதையின் தடம் தேடுகிறவர் வாக்குமூலத்தைவிடக் கைப்பற்றல் மகஜரைத்தான், அதாவது பொருளைக் கைப்பற்றியதைச் சாட்சிகள் முன் எழுதிய குறிப்பைத்தான், முதலில் புரட்ட வேண்டும். கைதுக் குறிப்பில் உள்ள நேரம், வாக்குமூலத்தின் நேரம், பொருள் எடுத்த நேரம் மூன்றையும் ஒரு தாளில் வரிசையாக எழுதினால் பாதி விஷயம் தெரிந்துவிடும். காலை பத்து மணிக்குக் கைது, பத்தேகாலுக்கு மனம் திறந்த வாக்குமூலம் என்றிருந்தால், உண்மையான கைது எப்போது என்று கேட்க வேண்டும். வீட்டார் தந்தி அடித்திருப்பார்கள், இப்போதானால் இணையவழிப் புகார் அனுப்பியிருப்பார்கள், அதன் நேரத்தோடு ஒப்பிட வேண்டும். அடுத்தது மகஜர் சாட்சிகள். தமிழ்நாட்டில் பெரும்பாலும் கிராம நிர்வாக அலுவலரும் அவருடைய உதவியாளரும்தான் கையெழுத்திடுகிறார்கள். கர்ணமும் ஊர் முன்சீப்பும் 1980இல் ஒழிந்தார்கள், அவர்கள் இடத்தில் வந்தவர்கள் மறுபடியும் காவல் நிலையத்துத் தாளில் நிற்கிறார்கள். பிறகு நகையின் அடையாளம்: முதல் தகவல் அறிக்கையில் "ஒரு சங்கிலி" என்றிருந்தது, மீட்ட பிறகு எழுதிய வாக்குமூலத்தில் மட்டும் எடையும் டாலர் வடிவமும் முளைத்திருந்தால் அது எந்தச் சங்கிலி? பொருள் எடுத்த இடம் யார் வேண்டுமானாலும் போகக்கூடிய புதரா, பூட்டிய அறையா? கடைசியாக மருத்துவமனை விபத்துப் பதிவேடு. கை முறிந்து மாவுக்கட்டோடு வருகிறவர்கள் எல்லாரும் கழிவறையில் வழுக்கி விழுந்தவர்களாகவே பதிவாகிற வினோதத்தை அங்கே பார்க்கலாம்.

1996இல் டி.கே. பாசு வழக்கில் உச்ச நீதிமன்றம் விதித்த நிபந்தனைகள் இந்தத் தாள்களை உண்டாக்கத்தான்: நேரம் குறித்த கைதுக் குறிப்பு, அதில் குடும்பத்தினர் அல்லது ஊர்க்காரர் ஒருவரின் சான்றொப்பம், உறவினருக்குத் தகவல், உடலில் உள்ள காயங்களைக் குறித்த பரிசோதனைக் குறிப்பு, 48 மணி நேரத்துக்கு ஒருமுறை மருத்துவப் பரிசோதனை. 2020 டிசம்பரில் காவல் நிலையம் முழுக்கக் கேமரா, பதிவுகளை 18 மாதம் வைத்திருக்க வேண்டும், எப்படியும் ஓராண்டுக்குக் குறையக்கூடாது என்ற உத்தரவு சேர்ந்தது. சித்திரவதைக்கு எதிரான ஐ.நா. உடன்படிக்கையில் இந்தியா 1997 அக்டோபரில் கையெழுத்திட்டது, ஏற்புறுதி செய்யவில்லை. அதற்கான மசோதா 2010 மே மாதம் மக்களவையில் நிறைவேறி மாநிலங்களவையில் காலாவதியானது.

இந்தத் தாள்கள் எல்லாம் ஒன்றுசேரும் இடம் ரிமாண்ட், கைதானவரைக் காவலில் வைக்க மாஜிஸ்திரேட் உத்தரவிடும் கட்டம். 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்துகிறார்கள். காவலில் கொடுமைப்படுத்தினார்களா என்று மாஜிஸ்திரேட் கேட்டாக வேண்டும், 1983இல் ஷீலா பார்சே வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது அது. கேள்வி கேட்கப்படுகிறது. ஒரு அடி பின்னால், கூட்டிவந்த காவலர் நிற்கிறார். ரிமாண்ட் மனுவோடு போலீஸ் காவல் கேட்கும் மனுவும் மேசையில் இருக்கிறது. "ஒன்றுமில்லை ஐயா" என்கிறார். எழுத்தர் அதைப் பதிகிறார். வெளியே அதே வண்டி காத்திருக்கிறது.